ஒதுங்கிய தாழையில் வேர் இருக்கிறதா?

7 ஜூலை 2024 (கேள்வி)

போன வாரம் வேதாளையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தேன். கரை நெடுக முழங்கால் உயரத்துக்குப் பாசி ஒதுங்கி அழுகிக் கிடக்கு, நாத்தம் தாங்கல. கடல் செத்துக்கிட்டு இருக்குங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ஆனா பேப்பர்ல மன்னார் வளைகுடாவில பவளம் இத்தனை விழுக்காடு உயிரோட இருக்குன்னு கணக்குச் சொல்றாங்க. கடலுக்கு அடியில நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றாங்க? அந்த விழுக்காட்டை நம்பலாமா?

7 ஜூலை, இரவு

அது பாசி இல்லை, தாழை. பாசிக்கு வேர் கிடையாது. தாழைக்கு வேர் உண்டு, மண்ணுக்குள் படுத்து ஓடும் தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். புத்தகத்தில் கடற்புல் என்று எழுதியிருப்பார்கள். இந்தியக் கடலில் பத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன.

ஆனி, ஆடியில் தெற்குக் காற்று எழும்பினால் தென்கரையில் தாழை ஒதுங்கும். என் அம்மா தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போன காலத்திலும் இப்படித்தான் ஒதுங்கியது. முற்றிய இலையைச் செடி உதிர்க்கிறது, அலை கொண்டுவந்து போடுகிறது. குவியல் எவ்வளவு உயரம் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். வெறும் இலையா, வேரும் தண்டுமாக வந்திருக்கிறதா? இலை மட்டும் என்றால் உதிர்ந்தது. வேரோடு என்றால் இழுவைமடி (விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலை) பிடுங்கியது.

8 ஜூலை

விழுக்காட்டுக்கு வருகிறேன். ஆறு வருடம் ஒரு ஆய்வுக் குழுவுக்கு நாடா பிடித்திருக்கிறேன், அதனால் அது எப்படிப் பிறக்கிறது என்று தெரியும்.

20 மீட்டர் நாடாவைப் பாரின் மேல் விரிப்போம். (வெளியூர்க்காரர்களுக்கு: கடலுக்கடியில் கல்லும் பவளமுமான மேட்டை இங்கே பார் என்போம்.) நாடாவுக்கு நேர் கீழே எது வருகிறதோ அதைச் சென்டிமீட்டர் கணக்கில் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். உயிர்ப்பவளம் இங்கிருந்து இதுவரை, பிறகு சல்லி, பிறகு மணல், பிறகு பாசி மூடிய செத்த கல். 20 மீட்டரில் உயிர்ப்பவளம் மொத்தம் 8 மீட்டர் வந்தால் 40 விழுக்காடு. இப்படிப் பல நாடாக்கள், பல தீவுகள், பிறகு சராசரி. முறை நல்ல முறை. 8 மீட்டரை 12 என்று யாரும் எழுதுவதில்லை.

குறை வேறு இடத்தில். அந்த 8 மீட்டரில் இருப்பது யார்? மான்கொம்புப் பவளம் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும், ஆனால் தண்ணீர் சூடானால் முதலில் சாவதும் அதுதான். உருண்டைப் பாறை போல் நிற்கும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம், ஆனால் தாக்குப்பிடிக்கும். கொம்புப் பவளம் பாதி செத்து, உருண்டைகள் அப்படியே நின்றால், கொஞ்ச வருடத்தில் விழுக்காடு ஓரளவு மேலே வந்துவிடும். மீன்குஞ்சு ஒளிந்துகொள்ள இடுக்கு மட்டும் இருக்காது. ஒரே எண், வேறு பார்.

எனவே விழுக்காட்டை நம்புங்கள். அதோடு இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பவளம்? ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் குட்டிப் பவளம் ஒரு சதுர மீட்டரில் எத்தனை? குட்டி இல்லாத பாரில் 40 விழுக்காடு இருந்தாலும் எனக்குப் பயம்தான். குட்டி நிறைய இருக்கும் 20 விழுக்காட்டுப் பாரைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

8 ஜூலை, பிற்பகல்

வெள்ளையாக இருக்கும் பவளம் எல்லாம் செத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பங்கு சாப்பாடும் கொடுக்கிறது. சூடு தாங்காமல் அது வெளியேறிவிட்டால் கண்ணாடி போன்ற சதை வழியாக எலும்பின் வெள்ளை தெரியும். பவளம் அப்போது பட்டினியில் இருக்கிறது, உயிர் போகவில்லை. சில வாரத்தில் தண்ணீர் ஆறினால் நிறம் திரும்பலாம்.

2010 மே மாதத்தில் நானே ஒரு பலகை முழுக்க 'செத்தது' என்று எழுதி மேலே கொண்டுவந்தேன். ஆகஸ்டில் அதே இடத்தில் இறங்கினால் பாதிக்கு மேல் பழுப்பும் பச்சையுமாகத் திரும்பியிருந்தது. மீதியில் பாசி ஏறியிருந்தது. மே மாதப் பலகையை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால் இருந்ததைவிடப் பெரிய சாவைக் காட்டியிருப்போம். அதற்காக, திரும்பிவிடும் என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 2016-இல் மன்னார் வளைகுடாவில் சுமார் 39 விழுக்காட்டிலிருந்த உயிர்ப்பவளம் ஏறத்தாழ 23-க்கு இறங்கியது. இந்த வருடம் ஏப்ரலில் உலகம் முழுதுக்குமான நான்காவது பவள வெளுப்பு என்று அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா அறிவித்திருக்கிறது. சூட்டில் ஒரு தடவை, ஆறிய பிறகு ஒரு தடவை, அதே நாடாவை அதே ஆணியில் கட்டி அளந்தால்தான் எத்தனை செத்தது, எத்தனை பிழைத்தது என்று தெரியும்.

11 ஜூலை

7-ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை. 'வேரோடு வந்தால் இழுவைமடி' என்று முடித்துவிட்டேன். மூன்று நாளாக உறுத்துகிறது.

வேரோடு பிடுங்கக்கூடியவை வேறும் உண்டு. புயல் பிடுங்கும். நங்கூரம் பிடுங்கும். ஆவுளியா என்கிற கடல்பசு பிடுங்கும். அது இலை நுனியைக் கடிக்கிற மாடு அல்ல, மேல்உதட்டால் மண்ணைக் கிளறித் தண்டோடும் வேரோடும் தின்னும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ. தின்னும்போது சிந்துவது மிதக்கும்.

ஆவுளியாவை வைத்தே ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. சேர்ந்த புதிதில், ஒன்றரை ஆள் ஆழத்தில் தாழைக்கு நடுவே மண் தெரிகிற கோடு ஒன்று பார்த்தேன். ஒரு சாண் அகலம். அளவெடுக்கும் சதுரச் சட்டகத்தைப் போட்டு 'சேதம்' என்று குறித்தேன். மேலே வந்ததும் படகோட்டிப் பெரியவர் கேட்டார், "கோடு நேரா ஓடுச்சா, வளைஞ்சு வளைஞ்சு போச்சா?" வளைந்து போனது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது என்றேன். "அப்ப அது ஆவுளியா மேஞ்ச தடம்மா. பலகை போட்ட மடின்னா ரெண்டு கோடு, ஒண்ணுக்கொண்ணு சரியா, கண்ணுக்கெட்டுற வரைக்கும் போகும்" என்றார். நான் சேதம் என்று எழுதியது அந்தத் தாழைக்காட்டிலேயே மிக நல்ல செய்தி. 'தாழை இல்லாத பரப்பு' என்ற ஒரே கட்டத்துக்குள் ஆவுளியாத் தடமும் மடித் தடமும் விழுந்துவிடும். கோட்டின் வடிவத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நான் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன்.

11 ஜூலை, இரவு

கேட்டவருக்கு: ஆமாம், கடல்பசுவும் ஆவுளியாவும் ஒன்றுதான். அதற்கான காப்பகம் 2022-இல் அறிவித்தது, தஞ்சாவூர், புதுக்கோட்டை கரைக்கு எதிரே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்.

19 ஜூலை

காற்றா மடியா என்று எப்படிப் பிரிப்பது? இதை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. தடை நாளில் ஒதுங்கியதையும் தடை முடிந்த பிறகு ஒதுங்கியதையும் ஒப்பிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேதாளைக் கரையில் தடை முடிந்ததும் வேர்த்தாழை கூடுகிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தென்கடல் கொந்தளிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே நேரம். மடியும் காற்றும் ஒரே வாரத்தில் கடலில் இறங்குகின்றன. எதன் வேலை என்று தென்கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு விடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. ஆடியில் தெற்கே அலை அடிக்கும்போது வடக்கே குளம்போல் கிடக்கும். மார்கழியில் வாடைக்கு வடக்கு கலங்கும், தெற்கு தெளியும். எனவே ஆனி, ஆடியில் வடகரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே காற்று இல்லை. அமைதியான தண்ணீரிலும் தாழை வேரோடு ஒதுங்கினால் காற்றின் மேல் பழி போட முடியாது. அதிலும், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு போன நாளுக்கு மறுநாள் காலையும், போகாத நாளுக்கு மறுநாள் காலையும் அதே நூறு அடிக் கரையில் ஒரு கூடை அள்ளி, வேர் உள்ளதையும் இல்லாததையும் பிரித்து எண்ணினால் போதும். படகு வேண்டாம், முக்குளிக்கவும் வேண்டாம். 1983-ஆம் வருடச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. அந்தச் சட்டம் கடலடியில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதையும் இந்தக் கூடையே காட்டும்.

20 ஜூலை

தெளிவு என்ற சொல்லைப் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். தாழையும் பவளமும் வெளிச்சத்தில் வாழ்பவை. கடல்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது அடியில் இருக்கும் தாழைக்கு வந்து சேர வேண்டும் என்பது பல கடல்களில் அளந்து எடுத்த ஒரு சராசரி. அளக்கும் கருவி 1865-இலிருந்து இருக்கிறது. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, எத்தனை மீட்டரில் மறைகிறது என்று பார்க்கும் செக்கி தட்டு அது. ஒரே நாளில் பாலத்தின் இரு பக்கமும் இறக்கினால் இரண்டு விடை வரும். 'பாம்பன் கடலின் தெளிவு இவ்வளவு' என்று யாராவது ஒரே எண் சொன்னால் எந்தப் பக்கம், எந்த மாதம், காற்று எங்கிருந்து என்று கேளுங்கள்.

2 ஆகஸ்ட்

"பவளம் போனாலும் பச்சையாகப் பாசி வளர்கிறதே, உயிர் என்றால் எல்லாம் உயிர்தானே" என்று கேட்டவருக்கு.

1990-களில் மண்டபம் பக்கம் காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கத் தொடங்கினார்கள். மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்ப்பது. எங்கள் உறவில் எத்தனையோ பெண்கள் அதில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் தெப்பத்திலிருந்து பிய்ந்த துண்டு குருசடைத் தீவுப் பாரில் போய் ஒட்டிக்கொண்டு பவளத்தைப் போர்வை போல் மூடியதை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் செழிப்பு. கையால் உரித்தால் கீழே வெள்ளை எலும்பு. நாங்கள் உரித்தோம், பெயர்த்தோம், மூட்டையில் கட்டினோம். அடுத்த வருடம் விட்ட துண்டிலிருந்து மறுபடி.

அதே நேரம் அம்மா எடுத்த மரிக்கொழுந்து பாசி இந்தக் கடலில் இயல்பாகவே வளர்வது. அதைக் கல்லோடு பெயர்க்காமல் மேலாகக் கிள்ளி எடுக்க வேண்டும், மாதத்தில் 12 நாள்தான் இறங்க வேண்டும் என்று பெண்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். விட்டுவிட்டு மறுபடி போகும்போது எவ்வளவு முளைத்திருக்கிறது என்று கையால் தெரிந்தவர்கள் அவர்கள். கடல்நலம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

18 ஆகஸ்ட்

எல்லோரும் பவளத்தையும் தாழையையும் பற்றியே பேசுகிறோம். அடிக்கடலில் பெரும்பகுதி மணலும் சேறும். அதைப் படம் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் நோயை முதலில் காட்டுவது அதுதான்.

இரண்டு தாடை உள்ள இரும்பு அள்ளியைக் கயிற்றில் இறக்கி ஒரு வாய் மண் எடுப்போம். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கடல்நீரால் அலசினால் புழு, சிறு சிப்பி, நண்டுப்பொடி மிஞ்சும். அதை வகை பிரித்து எண்ண வேண்டும். கழிவு சேரச் சேர முதலில் வகைகள் குறையும், பிறகு தாங்கக்கூடிய ஒன்றிரண்டு புழுக்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகும், கடைசியில் அதுவும் இருக்காது. பியர்சன், ரோசன்பெர்க் என்ற இருவர் 1978-இல் இந்த வரிசையை எழுதினார்கள். கேப்பிடெல்லா என்ற சிவப்பு நூல் போன்ற புழுதான் பெயர்போன அடையாளம். சல்லடையில் உயிர் நிறைய கிடக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, பிறகு எல்லாம் அந்த ஒரே புழு என்று தெரிந்த நாள் எனக்கு உண்டு.

தூத்துக்குடியில் சங்கு குளித்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பூச்சி இல்லாத மணல்ல சங்கு நிக்காதும்மா. நாங்க சங்கப் பாக்குறதுக்கு முன்ன மணலத்தான் பாப்போம்" என்றார். சங்கு தின்பது புழுவைத்தான். சல்லடை இல்லாமலே அவர்களிடம் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

19 ஆகஸ்ட்

நேற்றையதன் தொடர்ச்சி. புழுக்களை ஐந்து கூட்டமாகப் பிரித்து மதிப்பெண் போடும் ஆம்பி என்ற முறை 2000-இல் ஐரோப்பாவில் வந்தது. அங்கே அதே வருடம் வந்த தண்ணீர்ச் சட்டப்படி கடற்கரை நீரையும் மிக நன்று முதல் மிக மோசம் வரை ஐந்து தரமாகப் பிரிக்க வேண்டும், அதற்கு இந்த மதிப்பெண் உதவுகிறது. இப்போது நம் கரையிலும் போடுகிறார்கள். நானும் அந்தக் கணக்குக்குப் புழு எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

சதுப்பிலும் கழிமுகத்திலும் அதை அப்படியே போட்டால் தவறிவிடும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒரு குழாயைச் சேற்றில் குத்தி எடுத்தால் இரண்டு விரல் ஆழத்திலேயே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். இலை விழுந்து மக்குகிற இடம், அது அப்படித்தான் இருக்கும். தாங்கும் புழுக்கள்தான் அங்கே இயல்பான குடிகள். அதே கறுப்பும் நாற்றமும் ஒரு திறந்த மணல் கரையில் வந்தால் அங்கே கழிவு சேர்கிறது. மதிப்பெண் இரண்டையும் ஒரே தரத்தில் வைக்கும்.

1 செப்டம்பர்

எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒருவர் கேட்டார். இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

மன்னார் வளைகுடாவில் தொடர்ச்சியான அளவு இந்த நூற்றாண்டில்தான் வலுப்பட்டது. அதற்கு முன்பே தூத்துக்குடிப் பக்கம் முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, சுண்ணாம்புக்காகப் படகுபடகாக வெட்டி முடித்திருந்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன, மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று எண்ணுவதில் அவையும் சேர்த்திதான். 1986-இல் தேசியப் பூங்கா, 2001-இல் பவளத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம். நாம் 'பழைய நல்ல நிலை' என்று வைத்துக்கொண்ட கோடே அடிபட்ட பிறகு போட்ட கோடு. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் இதைத்தான் சொன்னார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுக்கடல் என்று நினைக்கிறது.

இந்தக் கரையில் அடிக்கடலைப் பார்ப்பது புதிதும் அல்ல. முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன் தொளாயிரம் பார் போன்ற பார்களில் ஆளை இறக்கிச் சிப்பி எத்தனை, என்ன வயது என்று பார்த்துவிட்டுத்தான் குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். தூத்துக்குடியில் கடைசி வரிசைக் குளிப்பு 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு குளிப்பே இல்லை.

22 நவம்பர்

இரண்டு நாளுக்கு முன் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர். இன்றைக்குத்தான் கரைக்குப் போனேன். வடக்கே தேநீர் நிறத்தில் கடல். கூடை அள்ளவில்லை. இந்த வாரம் அள்ளினால் மழையைத்தான் எண்ணுவேன்.

12 ஜனவரி 2025

முதலில் கேள்வி கேட்டவர் ஆகஸ்டில் வடகரைக்குப் போய் நான்கு காலைகள் கூடை அள்ளிப் படம் அனுப்பியிருந்தார். இப்போதுதான் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். விசைப்படகு நாளுக்கு மறுநாள் எடுத்த இரண்டிலும் நீண்ட நாடா இலைத் தாழை தண்டோடு கிடக்கிறது, வேர் நுனி இன்னும் வெள்ளையாக இருக்கிறது, அதாவது பிடுங்கி அதிக நேரம் ஆகவில்லை. மற்ற இரண்டில் பெரும்பாலும் இலை.

நான்கு கூடையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. அது மெதுவாக வளரும் தாழை. பிடுங்கிய இடத்தில் முதலில் சின்ன ஓவல் இலைத் தாழைதான் வேகமாகப் படரும். அதை ஆவுளியா விரும்பித் தின்னும், பரப்பளவிலும் தாழை என்றே கணக்காகும். ஆனால் பச்சை இறாலும் ஓரா மீனும் ஒதுங்கி வளர உயரமான இலை வேண்டும். பரப்பு குறையாமலே காடு குட்டையாகிவிடும். எனவே இனி படத்தில் கூடைக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வையுங்கள். எந்த வகை எத்தனை என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

ஜூன் 15-க்கு முன் வடகரையில் ஐந்து இடத்தில் கம்பு நட்டு வைக்கிறேன். தடை முடிகிற வாரம் தொடங்கி, விசைப்படகு நாளுக்கு மறுநாளும் மற்ற நாளுக்கு மறுநாளும். கரையில் இருப்பவர்கள் யாருக்கு எந்த இடம் தோது என்று இங்கேயே எழுதுங்கள். தென்கரைக் கம்புகளை என் தங்கை பார்த்துக்கொள்வாள்.